ஜி.ஐ.எஸ். என்னும் பூகோளத் தகவல் முறை: ஏரிக்கும் நிலத்திற்கும் அதன் உபயோகம்

ஒரு கிராமத்தின் பூமியைப் பற்றிய விவரங்கள் யாவும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இன்ன ஸர்வே நம்பர் யாருடையது, நஞ்சையா புஞ்சையா, அதன் விஸ்தீரணம் எவ்வளவு என்பவை ‘அ’ பதிவேட்டிலும் சிட்டாவிலும் இருக்கின்றன. அதில் எந்தப் பயிர் எந்தப் போகத்தில் சாகுபடியாயிற்று என்பது அடங்கலில் இருக்கின்றது. எல்லைக் கோடுகள் புலப்படத்தில் இருக்கின்றன. ஏரியின் கொள்ளளவும், மதகுகளின் மட்டமும், கலிங்கலின் நீளமும் நீர்வள இலாகாவின் ஏடுகளில் இருக்கின்றன. மண்ணின் தன்மையை விவசாய இலாகாவின் பரிசோதனைச் சாலையில் கேட்டுத்தான் அறிதல் வேண்டும். கிணறுகளின் நீர்மட்டத்தைக் குறித்து வைப்பது மற்றோர் இலாகா.

இவ்வாறு விவரங்கள் சிதறிக் கிடப்பதனால் விளையும் நஷ்டத்தை விவசாயிகள் நன்கு அறிவார்கள். புதிதாகச் சாலை போடுகிறவருடைய படத்தில் சாலை மட்டும் இருக்கும்; அதன் குறுக்கே செல்லும் வரத்துக் கால்வாய் இராது. கால்வாய்க்குப் போதிய பாலம் வைக்காமல் சாலை எழும்பிவிடும். பிறகு மழைக் காலத்தில் சாலைக்கு மேற்கே பயிர் அழுகும். கிழக்கே ஏரி வறண்டு கிடக்கும். இதில் ஒருவர் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க இடமில்லாமற் போனதே காரணம்.

இக்குறையை நீக்குவதற்கென ஏற்பட்டதே பூகோளத் தகவல் முறையாகும். ஜி.ஐ.எஸ். என்று சுருக்கமாக வழங்குவதும் இதுவே. பூமியிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அது இருக்கும் இடத்தோடு சேர்த்துக் கணினியில் பதிந்து, பல இலாகாக்களின் படங்களை ஒரே அளவுக்குக் கொண்டு வந்து அடுக்கி, வேண்டிய கேள்விகளைக் கேட்டு விடை பெறும் முறை என்று இதற்குப் பொருள் கூறலாம்.

முறையின் தோற்றம்

இம்முறை தோன்றியதே விவசாய நிலத்தின் பொருட்டு என்பது கவனிக்கத்தக்கது. கானடா தேசத்தில் 1961-ஆம் ஆண்டில் விவசாயப் புனருத்தாரணத்திற்காக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக அத்தேசத்தில் குடியிருப்புள்ள பகுதிகளில் 25 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைத் தரம் பிரிக்கும் வேலை தொடங்கிற்று. விவசாயத்திற்கு உதவும் தன்மையைக் கொண்டு நிலம் 7 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புகள் சாதாரணப் பயிர்களைத் தொடர்ந்து சாகுபடி செய்வதற்கு ஏற்றவை. ஏழாவது வகுப்பு உழவுக்கும் நிரந்தர மேய்ச்சலுக்கும் உதவாதது. காடு, வனவிலங்கு, பொழுதுபோக்கு ஆகியவற்றிற்கும் தனித்தனியே படங்கள் வரையப்பட்டன.

இத்தனை படங்களையும் கையால் அடுக்கி வைத்து, எவ்விடத்தில் எவ்வளவு நிலம் எந்த உபயோகத்திற்குத் தகும் என்று கணக்கிடுவதற்குப் போதிய ஆட்களோ பொருளோ கிடைப்பது அரிதாயிருந்தது. ரோஜர் டாம்லின்ஸன் என்பவர் இவ்வேலையைக் கணினியைக் கொண்டு முடிக்கலாமென்று யோசனை கூறி, 1960-ஆம் ஆண்டுகளில் அதற்கான ஏற்பாட்டை அமைத்தார். உலகத்தின் முதல் பூகோளத் தகவல் முறையென்று இதனையே கூறுவர்.

தரம் பிரித்ததனால் உண்டான பலனையும் குறிப்பிடுதல் வேண்டும். அத்தேசத்தின் மேல்கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நல்ல விளைநிலங்கள் மனைக்கட்டுகளாக மாறி வந்தன. 1973-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் ஏற்பட்டு, மேற்கூறிய நில வகுப்புகளை ஆதாரமாகக் கொண்டு, 40 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் விவசாயத்திற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது. எந்த நிலத்தைக் காப்பாற்றுவது என்று படத்தில் காட்ட முடிந்ததனாலேயே அதனைச் சட்டத்தினால் காப்பாற்றவும் முடிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய அஸ்திவாரம் வெகு காலத்திற்கு முன்னரே இடப்பட்டது. இந்தியா முழுமையும் அளந்த பெரிய முக்கோண அளவைக்குரிய முதல் அடிக்கோடு 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அளக்கப்பட்டது. பின்னர் ஒவ்வொரு கிராமமும் ஸர்வே நம்பர் வாரியாக அளக்கப்பட்டு, எல்லைக் கற்கள் நடப்பட்டு, புலப்படங்கள் தயாராயின. இப்பொழுது கணினியில் ஏற்றப்படும் கிராமப் படங்களுக்கு இவையே மூலமாகும்.

முறை வேலை செய்யும் விதம்

படத்திலுள்ள பொருள்கள் யாவும் மூன்று விதமாகப் பதியப்படுகின்றன. கிணறு, மதகு, எல்லைக் கல் ஆகியவை புள்ளிகள். கால்வாய், சாலை, மின்கம்பி வழி ஆகியவை கோடுகள். ஸர்வே நம்பர், ஏரியின் நீர்ப்பரப்பு, காடு ஆகியவை பரப்புகள். ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இடக் கணக்கு உண்டு. அத்துடன் ஒரு விவரப் பட்டியலும் இணைக்கப்படும். கிணறானால் ஆழம், நீர்மட்டம், நீரின் உப்புத்தன்மை. ஸர்வே நம்பரானால் விஸ்தீரணம், மண், பயிர் என்று அப்பட்டியல் அமையும்.

ஒரே வகையைச் சேர்ந்த பொருள்கள் கொண்ட படத்திற்கு அடுக்கு என்று பெயர். கிணறுகள் ஓர் அடுக்கு. மண் வகைகள் ஓர் அடுக்கு. கால்வாய்கள் ஓர் அடுக்கு. கண்ணாடித் தகடுகளில் தனித்தனியே வரைந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் அடியிலுள்ளதும் தெரிவது போல, இவ்வடுக்குகளும் சேர்ந்து தெரியும். அடுக்குகளைச் சேர்த்துக் கணக்கிடவும் கூடும். உதாரணமாக, ‘களர் நிலத்தில் உள்ளனவும், வடிகாலிலிருந்து 200 மீட்டருக்கு உட்பட்டனவுமான ஸர்வே நம்பர்கள் எவை? அவற்றின் மொத்த ஏக்கர் எவ்வளவு?’ என்று கேட்டால் விடை உடனே கிடைக்கும். கையால் இக்கணக்கை ஒரு பிர்காவுக்குப் போடுவதற்கே பல வாரங்கள் செல்லும்.

நிலத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும் அடுக்கும் ஒன்று உண்டு. சிறு சதுரங்களாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் உயரமும் குறிக்கப்படும். நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாய்வதாகையால், எந்தச் சதுரத்தின் மழைநீர் எந்த ஏரியில் சென்று விழும் என்பதை இவ்வடுக்கைக் கொண்டு கணக்கிட்டு, ஏரியின் நீர்ப்பிடிப்பு எல்லையை வரைந்துவிடலாம்.

ஆகாயத்திலிருந்து எடுக்கும் படங்கள்

அடுக்குகளில் பல செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாராகின்றன. இந்தியாவின் முதல் பூமி ஆராய்ச்சிக் கோள்களில் ஒன்றான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏவப்பட்டது. அதன் பின் இவ்வகைக் கோள்கள் பல தொடர்ந்து வந்துள்ளன. 2009-ஆம் ஆண்டு முதல் ‘புவன்’ என்னும் இணையப் படத் தொகுப்பின் வாயிலாக இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இப்படங்களைப் பொதுமக்களுக்கும் காட்டி வருகின்றது.

இக்கோள்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், தெரியாத ஒளியையும் பதிவு செய்கின்றன. செழித்த பயிரின் இலை சிவப்பு ஒளியை உட்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். ஆதலால் அது படத்தில் கறுத்துத் தோன்றும். இவ்வித்தியாசத்தைக் கொண்டு எங்கே பயிர், எங்கே தண்ணீர், எங்கே வெறும் மண் என்று பிரிக்கின்றனர். மேகம் மூடிய நாட்களில் இவ்வகைப் படம் பயன்படாது. அப்போது மேகத்தையும் ஊடுருவும் ரேடார் படங்களைக் கொண்டு வெள்ளம் பரவிய இடத்தை அறிகின்றனர்.

எவ்வளவு சிறிய இடம் தெரியும் என்பதை மிராசுதாரர்கள் அறிந்து வைத்திருத்தல் நலம். சில கோள்களின் படத்தில் மிகச் சிறிய கட்டம் 30 மீட்டர் சதுரம். அதாவது சுமார் 22 செண்ட். மற்றொரு வகையில் 23.5 மீட்டர் சதுரம். சுமார் 13½ செண்ட். 10 மீட்டர் சதுரமாக உள்ள படங்களும் கிடைக்கின்றன. அது சுமார் 2½ செண்ட். ஆகவே முதல் வகைப் படத்தில் ஓர் ஏக்கர் நிலம் நாலைந்து கட்டங்களாகவும், கடைசி வகையில் சுமார் 40 கட்டங்களாகவும் தோன்றும். இரண்டு மீட்டர் அகலமுள்ள வாய்க்கால் இப்படங்களில் தனியே தெரியாது. படத்தில் வாய்க்கால் காணப்படவில்லை என்பதனால் ஊரில் வாய்க்கால் இல்லை என்று முடிவு செய்தல் பெரும் பிழையாகும்.

ஏரித் தொடருக்கு உபயோகம்

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை தனி ஏரிகள் அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியாக வழியும் நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகும் வண்ணம் தொடராக அமைந்தவை. ஆகையால் ஓர் ஏரியை மட்டும் பார்த்து மராமத்துச் செய்வது போதாது. தொடர் முழுமையும் ஒரே படத்தில் காண்பதற்கு இம்முறை மிகவும் உதவுகின்றது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோர்க்கு இது விளங்கும். ஓர் ஏரிக்கு நீர்ப்பிடிப்பு 4 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்க. 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அப்பரப்பில் விழும் நீர் 2,00,000 கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வருமானால் ஏரிக்குச் சேர்வது 40,000 கன மீட்டர். நடுவே ஒரு சாலையோ மனைக்கட்டோ ஏற்பட்டு, 1.5 சதுர கிலோமீட்டரின் நீர் வேறு திசையில் திரும்பிவிட்டால், அந்த ஒரு மழையில் மட்டும் ஏரி இழப்பது 15,000 கன மீட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்திற்குச் சுமார் 5,000 கன மீட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால், மூன்று ஏக்கர் பயிருக்குரிய நீர் ஒரே மழையில் போய்விடுகின்றது.

இந்நிலையில் அவ்வேரியின் 20 ஹெக்டேர் பரப்பில் 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு வண்டல் எடுத்தால், கொள்ளளவு 60,000 கன மீட்டர் அதிகமாகும் என்பது உண்மையே. ஆனால் வரத்தே குறைந்த ஏரியில் குழியை ஆழமாக்குவதனால் ஆயக்கட்டுக்கு என்ன லாபம்? முதலில் செய்ய வேண்டியது வரத்துக் கால்வாயைத் திறப்பதா, வண்டல் எடுப்பதா, கலிங்கலைச் செப்பனிடுவதா என்னும் வரிசையைத் தீர்மானிப்பதற்கு இவ்வடுக்குகள் துணை செய்கின்றன. ஊர்ப் பொதுப் பணமும் குடிமராமத்து உழைப்பும் வீணாகாமல் இருக்க இது இன்றியமையாதது.

உபரிநீர் செல்லும் வழிகளும் இவ்வாறே முக்கியமானவை. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் பெருமழை பெய்தபோது, பழைய நீர்நிலைகளின் உள்வாயிலும் வடிகால்களிலும் ஏற்பட்டிருந்த குடியிருப்புகள் பல நீரில் மூழ்கின. பழைய கிராமப் படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அடுக்கிப் பார்த்தால், இத்தகைய இடங்கள் மழைக்கு முன்னரே புலப்படும்.

ஊர்த் திட்டங்களில் உபயோகம்

ஒரு வேலைக்கு இடம் தெரிந்தெடுப்பதற்கு இம்முறை தக்கது. குப்பை கொட்டும் இடம் ஒன்று வேண்டுமானால், ஏரிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இவ்வளவு தூரத்திற்கு அப்பால், வெள்ளம் பாயாத மேட்டில், நஞ்சையைத் தொடாமல், சாலைக்கு அருகில் என்று நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வர, தகாத இடங்கள் கழிந்து, தகுந்தவை எஞ்சும். நெல் கொள்முதல் நிலையம், தானியக் கிடங்கு, கால்நடை மருத்துவசாலை ஆகியவற்றிற்கும் இவ்வாறே இடம் பார்க்கலாம். நீர்மட்டம் இறங்கி வரும் பகுதிகளில் தடுப்பணை எங்கே கட்டினால் நீர் நிலத்திற்குள் இறங்கும் என்பதையும், பாறை, மண், சரிவு, ஓடை ஆகிய அடுக்குகளைச் சேர்த்து உத்தேசிக்கின்றனர்.

பிழைக்கு இடமான அம்சங்கள்

இத்தனை நன்மைகள் இருப்பினும், கணினியில் வந்த படம் பிழையற்றது என்று கருதுதல் கூடாது. படத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர் நிலத்தைப் பாராதவராயிருந்தால், படத்திலுள்ள தவறு விவசாயியின் தலையில் விடியும். முக்கியமான பிழைகள் நான்காகும்.

முதலாவது, பருவப் பிழை. வானம் தெளிவாயிருக்கும் மாசி, பங்குனி மாதங்களில் எடுத்த படங்களையே பெரும்பாலும் உபயோகிக்கின்றனர். அப்போது வறண்டிருக்கும் ஏரி வெறும் தரிசாகத் தோன்றலாம். மானாவாரிப் புஞ்சையும் அறுவடைக்குப் பின் தரிசாகவே தோன்றும். மாடுகள் மேயும் மந்தைவெளியைப் பயனற்ற நிலம் என்று பதிந்துவிட்டால், பின்னர் வேறு காரியத்திற்கு அதனைக் கொடுப்பதற்கு அப்பதிவே ஆதாரமாகிவிடும். இதற்கு மாறாக, நாற்று நட்டுத் தண்ணீர் கட்டிய வயல் நீர்நிலையைப் போலத் தோன்றுவதும் உண்டு. ஆகவே ஒரே நாளின் படத்தைக் கொண்டு நிலத்தைத் தரம் பிரித்தல் தகாது. ஆண்டின் பல மாதங்களிலும் எடுத்த படங்களை ஒப்பிடுதல் வேண்டும்.

இரண்டாவது, மட்டப் பிழை. உலகமெங்கும் இலவசமாகக் கிடைக்கும் உயரப் படங்களுள் பெரிதும் வழங்குவது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் கொண்டு எடுக்கப்பட்டதாகும். அதில் சில மீட்டர் உயரம் கூடவோ குறையவோ இருக்கலாம். தென்னந்தோப்பில் தரையின் உயரத்திற்குப் பதிலாக ஓரளவு மரங்களின் உயரமும் சேர்ந்து வரும். மலையடிவாரத்தில் இப்பிழையால் தீங்கில்லை. காவேரி டெல்டாவைப் போன்ற சம பூமியில், ஒரு சாண் மட்ட வித்தியாசமே பாசனத்தையும் வடிகாலையும் தீர்மானிக்கும். அவ்விடங்களில் மதகின் மட்டத்தையும் கலிங்கலின் மட்டத்தையும் மட்டக் கருவி வைத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, எல்லைப் பிழை. பழைய புலப்படங்கள் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றப்பட்டவை. காகிதம் சுருங்கியும் மடிந்தும் இருந்திருக்கலாம். ஆதலால் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைக்கும்போது ஸர்வே நம்பரின் கோடு வரப்பை விட்டுச் சில மீட்டர் விலகி நிற்பது சாதாரணம். இதனைக் காட்டி அண்டை நிலத்துக்காரரோடு வழக்குக்குப் போவது பணத்தை இறைப்பதாகும். கைபேசியில் உள்ள இடங்காட்டியும் வெட்டவெளியில் சுமார் 5 மீட்டர் வரை பிழை காட்டும்; மரநிழலில் இன்னும் அதிகம். மதகு இன்ன இடத்தில் உள்ளது என்று குறிப்பதற்கு அது போதும். எல்லைக் கல் நடுவதற்குப் போதாது. எல்லைத் தகராறுக்குப் புலப்படத்தின்படி ஸர்வேயர் அளந்து காட்டுவதே முறை.

நான்காவது, பெயர்ப் பிழை. ஒரே ஏரிக்கு ஊரில் ஒரு பெயரும் ஏட்டில் ஒரு பெயரும் வழங்குதல் உண்டு. பெரிய ஏரி, சித்தேரி, புது ஏரி என்னும் பெயர்கள் ஊருக்கு ஊர் உள்ளன. பெயரைக் கொண்டு இரண்டு பட்டியல்களை இணைத்தால், ஓர் ஏரியின் கணக்கு மற்றோர் ஏரிக்குப் போய்விடும். ஸர்வே நம்பரையும் கிராமத்தின் குறியீட்டு எண்ணையும் கொண்டே இணைத்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

மேற்கூறிய பிழைகளைத் திருத்த வல்லவர்கள் அந்நிலத்தில் உழுது பாய்ச்சுகின்றவர்களும், அக்கிராமத்தின் கணக்கை வைத்திருப்பவர்களுமேயாவர். அவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. ஊரில் சாலை, மனைக்கட்டு, தொழிற்சாலை, ஏரி மராமத்து முதலிய எந்தத் திட்டத்தைப் பற்றியும் கருத்துக் கேட்கும்போது, எந்தெந்த அடுக்குகளைக் கொண்டு திட்டம் தயாராயிற்று என்றும், ஒவ்வொன்றும் எந்த ஆண்டு, எந்த மாதத்தைச் சேர்ந்தது என்றும் கேட்டு அறிதல் வேண்டும்.

2. வரத்துக் கால்வாய், மதகு, கலிங்கல், வடிகால், ஊருணி, மேய்ச்சல் புறம்போக்கு ஆகிய யாவும் படத்தில் உள்ளனவா என்று கிராமப் படத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். விடுபட்டிருப்பின், ஸர்வே நம்பரைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாகத் தெரிவித்தல் வேண்டும். வாயால் சொன்ன ஆட்சேபணை படத்தில் ஏறாது.

3. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் பயிரை நேரிற் கண்டே எழுதுதல் வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் இன்ன நிறம் இன்ன பயிர் என்று தீர்மானிப்பதற்கு, நிலத்தில் உண்மையாகக் கண்ட விவரமே சாட்சியாகும். சென்ற ஆண்டின் பதிவைப் பார்த்து எழுதிய அடங்கலால் படமும் கெடும். பயிர் நஷ்ட ஈட்டுக் காலத்தில் குடியானவரும் கெடுவர்.

4. ஏரியின் எல்லையைப் பற்றிய சந்தேகம் இருப்பின் அதனைத் தீர்த்துக்கொள்ள வழியுண்டு. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம், பொதுப்பணி இலாகாவின் பொறுப்பில் இருந்த ஏரிகளை அளந்து எல்லை காட்டவும், ஆக்கிரமிப்பை நீக்கவும் இடமளிக்கின்றது. அளவை நடக்கும் நாளில் ஆயக்கட்டுதாரர்கள் உடனிருந்து பழைய கற்களைக் காட்டுதல் வேண்டும்.

5. தன் பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை இணையத்தில் ஆண்டுக்கொரு முறையேனும் எடுத்துப் பார்த்து, பெயரும் விஸ்தீரணமும் சரியாயிருக்கின்றனவா என்று ஒவ்வொரு மிராசுதாரரும் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். தவறு கண்டால் உடனே திருத்த மனுச் செய்தல் எளிது; நிலம் கைமாறும் காலத்திலோ, கடன் கேட்கும் காலத்திலோ திருத்தப் புகுவது கடினம்.

ஆடி, ஆவணி மாதங்களில் வேலை சற்று ஓய்ந்திருக்கும் நாட்களில், ஆயக்கட்டுதாரர் சிலரும் கிராம அதிகாரியும் சேர்ந்து, கிராமப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரத்துக் கால்வாயை அதன் தலைப்பிலிருந்து ஏரி வரையில் ஒரு முறை நடந்து பார்த்தல் போதும். எவ்விடத்தில் தூர்ந்துள்ளது, எவ்விடத்தில் அடைபட்டுள்ளது, படத்தில் இல்லாத கால் எது என்று அங்கங்கே குறித்துக் கொண்டு, அக்குறிப்பைப் புரட்டாசி பிறப்பதற்கு முன் நீர்வள இலாகாவின் பொறியாளரிடம் கொடுத்துவிட்டால், ஐப்பசி மழைக்குள் கால்வாயைத் திறப்பதற்கும், அடுத்த ஆண்டின் படத்தில் அதனைச் சேர்ப்பதற்கும் அவகாசம் இருக்கும்.